சஹனவும் டிஎச்ஐஎஸ் 2உம்: கொழும்பில் இரண்டு பேரிடர்கள், இரண்டு திறந்த மூல மென்பொருள்கள்

2020 ஜனவரி 27ஆம் திகதி இலங்கையின் முதலாவது கோவிட்-19 நோயாளி உறுதிசெய்யப்பட்டார். சீனாவிலிருந்து வந்த சுற்றுலாப் பயணி. அந்த வாரமே கொழும்பில் சுகாதார அமைச்சுக்குச் சாதாரணமான, ஆனால் விடை சொல்லக் கடினமான ஒரு கேள்வி வந்து நின்றது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கிப் போகும் ஒரு பயணியை அடுத்த 14 நாள்களுக்கு எந்த ஊர்ச் சுகாதார அலுவலகம், எந்தப் பதிவேட்டைப் பார்த்துப் பின்தொடர்வது? சில நாள்களில் அதற்கு ஒரு கணினி அமைப்பு தயாரானது. அது சுகாதாரத் தரவுகளைத் திரட்டும் டிஎச்ஐஎஸ் 2 என்ற திறந்த மூல மென்பொருளின், அதாவது நிரலை எவரும் பார்த்து மாற்றக்கூடிய மென்பொருளின், மேல் கட்டப்பட்டது. இங்கே கட்டிய வடிவத்தைப் பார்த்தே, டிஎச்ஐஎஸ் 2ஐ உருவாக்கும் நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகம் மற்ற நாடுகளுக்கான கோவிட் பொதியை உருவாக்கத் தொடங்கியது.

15 ஆண்டுகளுக்கு முன்னரும் இதே நகரில் இப்படி ஒன்று நடந்திருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எழுதப்பட்ட நிவாரண ஒருங்கிணைப்பு மென்பொருளான சஹன. சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு நிவாரணம் என்று பொருள். அதுவும் உலகம் சுற்றியது. ஆனால் ஊரில் அதற்கு நிலையான இருக்கை அமையவில்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நிரலை எழுதியது யார் என்பது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. அவசரம் முடிந்த மறுநாள் நிருவாகிக் கடவுச்சொல் எந்த அலுவலகத்தில், யார் கையில் இருந்தது என்பதில்தான் கதை பிரிகிறது.

சஹன: எழுதியது எப்படி, போனது எங்கே

சில நாள்களில் ஒரு மென்பொருள் முளைத்தது என்று வியப்போடு சொல்வார்கள். வியப்புக்கு அவ்வளவு இடமில்லை. எழுதக்கூடிய கூட்டம் ஏற்கெனவே இருந்தது. சஞ்சீவ வீரவரண முன்னின்று தொடங்கிய லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் 2003இலிருந்தே இயங்கியது. அதன் உறுப்பினர்கள் அப்பாச்சி என்ற உலகளாவிய திறந்த மூல அமைப்பின் திட்டங்களில் நிரல் எழுதிக்கொண்டிருந்தவர்கள். முகம் பார்க்காத ஆள்களோடு ஒரே நிரல் களஞ்சியத்தில் வேலைசெய்வது, மற்றவர் எழுதியதைத் திருத்துவது, பிழைகளை எண்ணிட்டுப் பதிவது எல்லாம் அவர்களுக்குக் கைவந்த பழக்கம். மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் அந்தப் பழக்கம் பின்னாளில் பெரிய அளவில் தொற்றியது. மாணவர்களைத் திறந்த மூலத் திட்டங்களில் நிரலெழுத வைக்கும் கூகுள் சம்மர் ஒஃப் கோட் திட்டத்தில் உலகிலேயே அதிக மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகங்களின் வரிசையில் மொறட்டுவை முன்னணியில் நின்றது. பேரிடர் வந்த பின்னர் ஆள் தேடியிருந்தால் ஒன்றும் நடந்திராது.

சஹனவின் முதல் வடிவத்தில் முக்கியமாக நான்கு பகுதிகள் இருந்தன: காணாமற்போனோர் பதிவேடு, முகாம் பதிவேடு, உதவிக் கோரிக்கைப் பகுதி, நிறுவனப் பதிவேடு. மக்கள் கண்ணுக்குப் பட்டது முதலாவது. அதிகாரிகளுக்கு அதிகம் உதவக்கூடியது கடைசியானது. எந்த நிறுவனம் எந்த ஊரில் என்ன வேலையைச் செய்கிறது என்ற அட்டவணை இல்லாவிட்டால் வீதியோரத்து முகாமுக்கு மூன்று லொறி அரிசி போகும், உள்ளே தள்ளியிருக்கும் முகாமுக்கு ஒன்றும் போகாது.

ஜனாதிபதி செயலகத்தோடு இணைந்து இயங்கிய தேசிய செயற்பாட்டு நிலையம் இந்த மென்பொருளை ஏற்றுப் பயன்படுத்தியது. அந்த நிலையமே தற்காலிகமானது. சில மாதங்களுக்குள் அதன் பொறுப்புகள் வெவ்வேறு செயலணிகளுக்குப் பிரிந்தன. 2005இல் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்து, அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைந்தது. மென்பொருளைக் கேட்டு வாங்கிய அலுவலகம் கலைந்துபோனது. புதிய அலுவலகம் அதைக் கேட்டதல்ல. ஒரு மென்பொருள் அநாதையாவதற்கு இதைவிட எளிய வழி கிடையாது.

அவசரத்தில் எழுதிய நிரலை 2005இல் சமிந்திர டி சில்வா தலைமையிலான குழு சுவீடனின் சீடா உதவி நிறுவனத்தின் நிதியுதவியோடு பிஎச்பி நிரல்மொழியிலும் மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்திலும் திரும்ப எழுதியது. எல்ஜிபிஎல் என்ற திறந்த மூல உரிமத்தில் வெளியிட்டதால் எவரும் அனுமதி கேட்கத் தேவையில்லை. 2005 பாகிஸ்தான் நிலநடுக்கம், 2006இல் பிலிப்பைன்ஸின் தென் லெய்ட்டே மண்சரிவு, அதே ஆண்டு இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நிலநடுக்கம், 2010 ஹெயிட்டி என அது போய்க்கொண்டே இருந்தது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்கான சமூகநலத் திட்ட விருதைச் சஹனவுக்கு வழங்கியது. 2009இல் சஹன அமைப்பு அமெரிக்காவில் பதிவுசெய்யப்பட்டது. பின்னர் பைத்தன் நிரல்மொழியில் எழுதிய ஈடன் பதிப்பு முதன்மையானது. பிள்ளை வெளிநாட்டில் குடியேறியது, தாய்வீட்டில் படம் மாட்டியிருக்கிறது என்ற கணக்குத்தான்.

பெயர்ப்பட்டியலில் வரும் சிக்கல்கள்

காணாமற்போனோர் பதிவேட்டை எவர் எழுதினாலும் இலங்கையில் முதலில் இடிப்பது பெயரில். கிழக்கிலும் வடக்கிலும் கரையோரம் பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பகுதியினர் தமிழ் பேசுவோர். படிவத்தில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள். தமிழருக்குக் குடும்பப்பெயர் இல்லை, தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான். ஒரு முகாமில் தகப்பன் பெயரை முதல் கட்டத்தில் இடுவார்கள், அடுத்த முகாமில் இரண்டாம் கட்டத்தில் இடுவார்கள், மூன்றாவது முகாமில் தலைப்பெழுத்தையும் பெயரையும் ஒட்டி ஒரே கட்டத்தில் அடித்துவிடுவார்கள்.

அடுத்தது ரோமன் எழுத்து. விக்னராஜா என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கம் வீயாகவோ டபிள்யூவாகவோ இருக்கலாம். ‘க்’ ஒலிக்கு ஜீ, கே, அல்லது சீயும் கேயும் சேர்ந்தது. கடைசியில் எச் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இந்த மூன்று இடங்களிலேயே 12 எழுத்துக்கூட்டல்கள் வந்துவிடுகின்றன. அப்படியே ஒப்பிடும் தேடல் 12இல் ஒன்றைத்தான் பிடிக்கும். சவுண்டெக்ஸ் மாதிரியான ஒலிக்குறி முறையும் அதிகம் உதவாது. முதலெழுத்தை அது அப்படியே வைத்திருப்பதால் வீயும் டபிள்யூவும் கடைசிவரை சேரமாட்டா. உள்ளூர்ப் பெயர்களுக்கென்று மாற்று விதி அட்டவணை ஒன்றைத் தனியாக எழுதவேண்டும். அதை எழுத வெளிநாட்டு நிரலாளரால் முடியாது; பெயரை வாசித்தவுடன் காதில் கேட்கிற ஆள் தேவை.

தமிழிலேயே பதிந்தால் தீருமே என்று தோன்றும். அக்காலத்து அலுவலகங்களில் தமிழ் என்றால் பாமினி எழுத்துரு. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் கணினிக்குள் கிடப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரையில் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்துகள். அகரவரிசை வராது, தேடல் வராது, எழுத்துரு இல்லாத கணினியில் வாசிக்கவும் முடியாது. ஒவ்வோர் எழுத்துக்கும் உலகப் பொதுவான எண் தரும் யுனிகோட் முறையில் தமிழுக்கு இலங்கைத் தர நிறுவனத்தின் எஸ்எல்எஸ் 1326 தரம் வந்தது 2008இல்தான்.

யுனிகோடுக்கு மாறினாலும் மூன்று இடங்களைக் கவனிக்கவேண்டும். ஒன்று, தரவுத்தள நெடுவரிசையின் குறியாக்கம். மைஎஸ்கியூஎல்லில் லத்தீன் 1 என்ற பழைய இயல்பிருப்பை மாற்றாமல் தமிழை உள்ளிட்டால் சேமிப்பில் விழுவது வெறும் கேள்விக்குறிகள். அவற்றை மீட்க வழியே இல்லை. இரண்டு, நீளம். ‘கொழும்பு’ நமக்கு நான்கு எழுத்து. யுனிகோடில் 8 குறிகள், அதைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 24 பைட். பைட்டை எண்ணி 30 என்று கட்டத்தை அளந்த அமைப்பு நீண்ட தமிழ்ப் பெயரின் வாலை வெட்டிவிடும். மூன்று, ‘ஸ்ரீ’. அதை ‘ஸ’வில் தொடங்கியும் அடிக்கலாம், கிரந்த ‘ஶ’வில் தொடங்கியும் அடிக்கலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகவே தெரியும், கணினிக்கு வெவ்வேறு. யுனிகோட் இயல்பாக்கம் ‘கொ’வைப் பிரித்து அடித்த வடிவங்களைச் சேர்த்துவைக்கும், ‘ஸ்ரீ’யைச் சேர்க்காது. ஸ்ரீதரன்களும் ஸ்ரீரஞ்சனிகளும் தெருவுக்கு இருவர் இருக்கும் நாட்டில் இது சின்னப் பிழையல்ல. பதிவு சேமிக்கப்படும் முன்னரே ஒரே வடிவத்துக்கு மாற்றும் விதி ஒன்றை எழுதிவிடவேண்டும்.

டிஎச்ஐஎஸ் 2: மேசையில் ஆள் இருந்தபோது

2020க்கு வருவோம். ஜாவாவில் எழுதி, போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தின் மேல் ஓடும் டிஎச்ஐஎஸ் 2ஐ ஒஸ்லோ பல்கலைக்கழகம் பிஎஸ்டி என்ற திறந்த மூல உரிமத்தில் வெளியிடுகிறது. கொழும்புக்கு அது புதிதல்ல. குடும்ப சுகாதாரப் பணியகத்தின் தாய்சேய் நலத் தரவு அமைப்பே அதன் மேல்தான் ஓடுகிறது. டிஎச்ஐஎஸ் 2ஐ நாடுகளில் நிறுவ உதவும் வலையமைப்பான எச்ஐஎஸ்பியின் இங்குள்ள குழுவும் அமைச்சும் ஆண்டுக்கணக்காகச் சேர்ந்து வேலைசெய்தவை. இதைவிட முக்கியம், கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் மருத்துவத் தகவலியல் படித்த மருத்துவர்கள் அமைச்சின் சம்பளப் பட்டியலிலேயே இருந்தார்கள். அவர்களுக்குத் தொற்றுநோயியலும் தெரியும், தரவுத்தளமும் தெரியும். மருத்துவ அதிகாரி என்ன கேட்கிறார் என்பதை நிரலாளருக்கு விளங்கவைக்க இடைத்தரகர் தேவைப்படவில்லை.

தனிநபர்களைப் பின்தொடர டிஎச்ஐஎஸ் 2இல் உள்ள ட்ராக்கர் என்ற பகுதியில் அமைப்பு கட்டப்படும் முறை இது. முதலில் யாரைப் பின்தொடர்கிறோம் என்று வரையறுக்கவேண்டும்: ஒரு ஆள். அவருக்கு மாறாத பண்புகள்: பெயர், கடவுச்சீட்டு எண், புறப்பட்ட நாடு, தங்குமிடம். பிறகு நிகழ்ச்சித்திட்டமும் அதன் கட்டங்களும்: நுழைவிடப் பதிவு ஒருமுறை, தொடர் பார்வை பலமுறை. ஒவ்வொரு கட்டத்திலும் நிரப்பவேண்டிய தரவுக் கூறுகள். பதில் ஒன்றாக இருந்தால் அடுத்த கேள்வியைக் காட்டு, இல்லையென்றால் மறை என்ற விதிகள். கடைசியாக யார் எதைப் பார்க்கலாம் என்ற பகிர்வு அனுமதி. நிரலே எழுதாமல் திரையிலேயே இவ்வளவையும் செய்யலாம். சில நாள்களில் முடிந்ததற்குக் காரணமும் அதுதான். படிவத்தைக் கட்டுவது வேகமாக நடக்கும். பகிர்வு அனுமதியில்தான் தவறு நிகழும். ஒரு பயணியின் நோய் விவரம் எல்லா மாவட்டப் பயனருக்கும் தெரியும்படி திறந்துகிடக்க ஒரேயொரு தெரிவுப்பெட்டி போதும். அப்போது நாட்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கவில்லை. 9ஆம் இலக்கச் சட்டம் 2022இல்தான் வந்தது.

அமைப்பு அலகுகளின் மரம் இன்னொரு பொறி. நிருவாக மாவட்டங்கள் 25. பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர் பிரிவுகள் 26. அம்பாறை மாவட்டத்தில் அம்பாறைக்கு ஒன்று, கல்முனைக்கு ஒன்று. குடிவரவு போன்ற வெளித் தரவு மாவட்டப் பெயரோடு வந்தால் ‘அம்பாறை’ என்று வரும் முகவரி எந்தப் பிரிவுக்குப் போவது? தானியங்கிப் பொருத்தம் எல்லாவற்றையும் அம்பாறைக்கே தள்ளும். சாய்ந்தமருதுக்காரரின் பதிவு கல்முனை அலுவலகத்தின் கண்ணில் படாது. கொழும்பிலும் இதே சிக்கல். மாநகர சபை எல்லைக்குள் பொதுச் சுகாதார வேலை சபையின் சொந்தத் திணைக்களத்துடையது. வெள்ளவத்தை முகவரி மாநகர சபைக்கு, தெகிவளை முகவரி பிராந்தியப் பணிப்பாளருக்கு. நடுவே ஒரு கால்வாய் மட்டும்தான். மாவட்டப் பெயர் போதாது; மருத்துவ அதிகாரி பிரிவு வரை இறங்கிய குறியீட்டு அட்டவணை ஒன்றைக் கையால் தயாரித்துத்தான் ஆகவேண்டும்.

2020 மார்ச் அளவில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவர் நிலையத்தின் பங்களிப்போடு நிரலாளர் கூடுகை நடந்து, தொற்றுச் சங்கிலியை வரைபடமாகக் காட்டும் செயலி போன்றவை தன்னார்வலர்களால் எழுதப்பட்டன. அவை டிஎச்ஐஎஸ் 2இன் மூல நிரலைத் தொடாமல், அதன் ஏபிஐ, அதாவது பிற மென்பொருள்கள் தரவைக் கேட்டுப் பெறும் வாயில், வழியாகப் பேசும் தனிச் செயலிகள். சரியான முடிவு. மூலத்தையே கிளை பிரித்து மாற்றியிருந்தால் ஒஸ்லோ வெளியிடும் ஒவ்வொரு திருத்தத்தையும் கொழும்பில் ஒருவர் கையால் ஒட்டிக்கொண்டே இருந்திருக்கவேண்டும்.

தடுப்பூசிப் பதிவு 2021 ஜனவரியில் தொடங்கியபோது சுமையின் தன்மை மாறியது. பயணிகள் பதிவில் ஒப்பீட்டளவில் சிலரே. தடுப்பூசியில் காலை எட்டரைக்கு நாடெங்கும் எல்லா நிலையங்களும் ஒரே நேரத்தில் உள்நுழைகின்றன. ட்ராக்கர் பல நாடுகளில் இந்தக் கட்டத்தில் மந்தமானது; அந்த அழுத்தம்தான் ஒஸ்லோவை வேகத் திருத்தங்களில் இறங்கவைத்தது. சமூகம் என்பதன் நடைமுறைப் பொருள் இங்கே தெரியும்: ஒரு நாட்டில் பிடிபட்ட மெதுவான தரவுத்தள வினவல் இன்னொரு நாட்டுக்குத் திருத்தப்பட்டே போய்ச் சேருகிறது.

சான்றிதழுக்கு இந்தியாவில் உருவான டிவொக் என்ற இன்னொரு திறந்த மூல மென்பொருள் இணைக்கப்பட்டது. அது சான்றிதழைக் கையொப்பமிட்ட கியூஆர் குறியாகத் தரும். கையொப்பம் சரியாக இருந்தும் சான்றிதழ் கிடைக்காமற்போக வாய்ப்புள்ள இடம் அடையாள அட்டை எண். பழைய அட்டையில் 9 இலக்கமும் ஓர் எழுத்தும், 2016இலிருந்து புதிய அட்டையில் 12 இலக்கம். முதல் ஊசிக்குப் பழையதையும் இரண்டாவதற்குப் புதியதையும் காட்டியவர் கணினிக்கு ஓர் ஊசி போட்ட இரண்டு ஆள்கள். மாற்றும் விதி எளிது: எழுத்தை நீக்கி, முன்னால் 19 சேர்த்து, பழைய எண்ணின் ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் ஒரு 0 செருகவேண்டும். எண்ணிலிருந்து பிறந்த திகதியைச் சரிபார்ப்பவர்கள் இரண்டை மறக்கக்கூடாது. பெண்களுக்கு நாள் எண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும். பெப்ரவரிக்கு எல்லா ஆண்டிலும் 29 நாள் என்றே கணக்கு, ஆகவே மார்ச் 1 எப்போதும் 61ஆவது நாள். இது தெரியாமல் சாதாரண நாட்காட்டிக் கணக்கில் எழுதிய சரிபார்ப்பு, நெட்டாண்டல்லாத ஆண்டில் மார்ச் முதல் டிசம்பர் வரை பிறந்த அத்தனை பேரையும் பிழையென்று திருப்பியனுப்பும்.

தமிழ்த் திரை ஏன் பாதியில் நிற்கிறது

டிஎச்ஐஎஸ் 2இல் மொழிபெயர்ப்பு இரண்டு தளங்களில் நடக்கிறது. சேமி, நீக்கு, தேடு போன்ற பொத்தான் சொற்கள் மென்பொருளுக்கு உரியவை. அவற்றைப் பொது மொழிபெயர்ப்புத் தளத்தில் ஒருமுறை செய்தால் உலகத்துக்கெல்லாம் போகும். படிவத்தின் கேள்விகள், நோய்ப் பெயர்கள், ஊர்ப் பெயர்கள் அந்தந்த நாட்டின் தரவுத்தளத்தில் உள்ளவை, அமைச்சே செய்யவேண்டும். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால் பொத்தான் தமிழிலும் கேள்வி ஆங்கிலத்திலும் நிற்கும். பல அரசத் திரைகளில் நாம் காண்பது அதைத்தான். சொற்களை மொழிபெயர்க்கத் தன்னார்வலரை அழைக்கும் அலுவலகங்கள் இரண்டாவது தளத்தை அவர்களிடம் காட்டுவதேயில்லை. அதற்குத் தரவுத்தள உள்நுழைவு தேவை, கொடுக்கத் தயக்கம். கேள்விகளை ஓர் அட்டவணைக் கோப்பாக எடுத்துக் கொடுத்து, திரும்ப வாங்கி ஏற்றினால் உள்நுழைவும் வேண்டாம், தயக்கமும் வேண்டாம்.

குறுஞ்செய்தியில் இன்னொரு செலவு ஒளிந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழுக்கும் சிங்களத்துக்கும் 70 குறிகள். நீண்டால் துண்டுக்கு 67. ‘கொழும்பு’ மட்டுமே 8ஐத் தின்றுவிடும். ஆங்கில வாசகத்தை எழுதி முடித்து, கட்டணமும் கணக்கிட்டு, பிறகு மொழிபெயர்க்கக் கொடுத்தால் தமிழ்ச் செய்தி மூன்று துண்டாகப் போய் பட்ஜெட்டை உடைக்கும். தமிழ், சிங்கள வாசகங்களை முதலில் 70க்குள் எழுதிவிட்டு ஆங்கிலத்துக்குப் போவதே சிக்கனம்.

செலவுத் தலைப்பு

திறந்த மூலம் இலவசம் என்று சொல்லித்தான் பல அமைச்சுகளில் ஒப்புதல் வாங்குகிறார்கள். அந்த வாதமே பின்னால் கழுத்தைப் பிடிக்கிறது. உரிமம் வாங்கும் பணம் மூலதனச் செலவினம். ஒருமுறை, அதுவும் வெளிநாட்டு நன்கொடையில் வந்துவிடலாம். பராமரிப்பு மீண்டெழும் செலவினம். ஆண்டுதோறும் திறைசேரியிடம் கேட்கவேண்டும். திறந்த மூலத்தில் முதலாவது பூச்சியம், இரண்டாவதுதான் முழுச் செலவு. இலவசம் என்று எழுதிக் கொடுத்த கோப்பில் அடுத்த ஆண்டு பராமரிப்புக்கு ஒதுக்கீடு கேட்டால் கணக்காளர் புருவத்தை உயர்த்துவது நியாயம்தானே.

கேள்விப்பத்திரத்திலும் (டெண்டர் ஆவணம்) ஒரு வரி தடுக்கும்: உற்பத்தியாளரின் அங்கீகாரக் கடிதம் இணைக்கவேண்டும் என்பது. போஸ்ட்கிரெஸ்கியூஎல்லுக்கு அப்படிக் கடிதம் தர ஒரு உற்பத்தியாளர் இல்லை. வரியை அப்படியே விட்டால் திறந்த மூலத்தில் வேலைசெய்யும் உள்ளூர் நிறுவனம் முதற்கட்டத்திலேயே கழிக்கப்படும். அதற்குப் பதிலாக, விண்ணப்பிக்கும் நிறுவனத்தின் ஊழியர்கள் அந்தத் திட்டத்தின் மூலக் களஞ்சியத்தில் ஏற்கப்பட்ட திருத்தங்கள் எத்தனை என்று கேட்கலாம். பொதுவெளியில் இருப்பதால் பத்து நிமிடத்தில் சரிபார்த்துவிடலாம்.

பராமரிப்புத் தலைப்பு காலியானால் உரிமம் வாங்கிய மென்பொருளும் தப்பாது. 2023 ஆகஸ்டில் அரச மின்னஞ்சல் சேவை கப்பம் கோரும் நச்சுநிரலால் தாக்கப்பட்டது. ஏறத்தாழ 5,000 முகவரிகளின் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள், அக்காலத்துக்கான காப்புப் பிரதி இல்லாததால் தொலைந்தன. ஓடிக்கொண்டிருந்தது மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013. அதற்கான ஆதரவு அந்த ஏப்ரலிலேயே முடிந்திருந்தது.

பதிப்பு உயர்த்தும் வாரம்

ஒஸ்லோ கடைசி மூன்று பதிப்புகளுக்குத்தான் திருத்தம் தருகிறது. தொடாமல் வைத்திருப்பது பாதுகாப்பு என்று நினைக்கும் அலுவலகம் சில ஆண்டுகளில் எல்லைக்கு வெளியே போய்விடும். உயர்த்தும்போது தரவுத்தளத்தின் வடிவம் தானாக மாறும். திரும்பிப் போக வழியில்லை; பழைய பிரதியை மீட்பதொன்றே வழி. ஆகையால் முதல் வேலை பிஜிடம்ப் கட்டளையால் முழுப் பிரதி எடுப்பது. பகுப்பாய்வு அட்டவணைகளை விட்டுவிடலாம். அவை எப்போது வேண்டுமானாலும் மறுபடி உருவாகக்கூடியவை, விட்டால் பிரதி வெகுவாகச் சிறுக்கும். இரண்டாவது, அந்தப் பிரதியை வேறொரு கணினியில் மீட்டு, பதிவுகளின் எண்ணிக்கையை மூலத்தோடு ஒப்பிடுவது. மீட்டுப் பார்க்காத பிரதியைப் பிரதி என்று கணக்கில் சேர்க்கவேண்டாம். மூன்றாவது, சோதனைக் கணினியில் குறுஞ்செய்தி, மின்னஞ்சல் இணைப்புகளைத் துண்டிப்பது. மறந்தால் உண்மையான நோயாளிகளுக்குச் சோதனைச் செய்திகள் போய்ச் சேரும். பிறகுதான் புதிய பதிப்பு.

உயர்த்தியதும் உடைவது பெரும்பாலும் டிஎச்ஐஎஸ் 2 அல்ல, அதன் மேல் உள்ளூரில் எழுதிய செயலிகள். ட்ராக்கரின் பழைய ஏபிஐ முகவரிகள் 42ஆம் பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டன. 2020இல் நிரலாளர் கூடுகைகளில் எழுதப்பட்ட எந்தச் செயலியும் அந்தப் பழைய முகவரிகளோடு பேசுவதாகவே இருக்கும். மாற்றி எழுதாவிட்டால் திரை வெறுமையாகத் திறக்கும். மாற்றுவது ஒரு நிரலாளருக்குச் சில நாள் வேலை, நிரல் அமைச்சின் களஞ்சியத்தில் இருந்தால். எழுதியவரின் சொந்தக் கணக்கில் மட்டும் இருந்து, அவர் இப்போது மெல்பேர்னிலோ ரொறொன்ரோவிலோ இருந்தால், முதலில் அவருடைய தொலைபேசி எண்ணைத் தேடவேண்டும்.